‘ஏறுமா?’ என்பதற்கு அப்பால்

காட்டு ஈஸ்ட்டில் நொதித்து, தோட்டத்து மூலிகை சேர்த்து, மரப்பீப்பாயில் முதிர்ந்த பியர் ஒன்று கிடைத்தால் என் ஐடி நண்பர்கள் அரைமணி நேரம் பேசுவார்கள். புளிப்பு எங்கிருந்து வந்தது, மரம் என்ன செய்தது, எல்லாம். அதே ஆட்கள் பாகூர்ப் பக்கம் கள்ளுக்கடைக்கு வந்தால் கேட்பது ஒரே கேள்வி: “ஏறுமா?”

கள்ளிலும் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. சீவிய பாளையிலிருந்து சாறு சொட்டும்போதே காற்றிலும் பழைய பானையின் நுண்துளைகளிலும் இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலையை ஆரம்பித்துவிடும். பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் அந்த வேலை நடக்காது, அது பதநீர். பெல்ஜியத்தின் லாம்பிக் பியருக்குப் பீப்பாய்ப் பலகை எப்படியோ, கள்ளுக்கு மண்பானை அப்படி.

வித்தியாசம் காலத்தில்தான். லாம்பிக் பீப்பாயில் மூன்று வருஷம்கூடக் காத்திருக்கும். கள்ளோ காலையில் இனிப்பு, சாயங்காலம் புளிப்பு, விட்டுவைத்தால் காடி. அதனால் “இறக்கி எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டுவிட்டுக் குடிக்கிறவரே என் கணக்கில் நல்ல விமர்சகர்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில் உரிமம் பெற்ற கடைகளில் விற்கிறார்கள். கள் உணவா, போதையா என்ற சண்டையில் இரண்டு தரப்பும் சுவையைப் பற்றி வாய் திறப்பதில்லை. பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் களியில் முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்ட கள்ளின் பக்குவத்தைப் பொறுமையாகச் சொல்கிறது. சட்டம் ஒருநாள் மாறலாம். அதற்குள், எது நல்ல கள் என்று சொல்லத் தெரிந்த நாக்கு மிஞ்சியிருக்க வேண்டும்.