குழாய்வழிக் கட்டளைகள்: ஒரு மதிப்பீடு

யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1973ஆம் ஆண்டு கென் தாம்சன் சேர்த்த ‘குழாய்’, அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு உள்ளீடாகப் பாய்ச்சும் வசதி, டக்ளஸ் மெக்கில்ராய் 1964இலேயே பெல் ஆய்வகக் குறிப்பொன்றில் எழுதிவைத்திருந்த எண்ணத்தின் நிறைவேற்றமாகும். சிறு கட்டளைகளைக் குழாயால் கோத்து ஒரே வரியில் வேலையை முடிக்கும் வழக்கம் இன்றளவும் நிலைத்திருப்பதற்கு, எதுவாயினும் அதனை வெறும் எழுத்துவரிகளாகக் கொள்வது என்னும் உடன்பாடே அடிப்படை; அவ்வழக்கத்தின் குறைகள் பலவும் இவ்வுடன்பாட்டிலிருந்தே முளைக்கின்றன.

ஒரு நூலில் மிகுதியாக வரும் சொற்களை எண்ணித் தரும் நிரலைக் கணினியியலாளர் டொனால்ட் நூத் பல பக்கங்களில் எழுத, 1986இல் அதனைத் திறனாய்ந்த மெக்கில்ராய் ஆறே கட்டளைகளில் அவ்வேலையைச் செய்து காட்டினார். எழுத்தல்லாதவற்றையெல்லாம் வரிமுறிவாக்கிச் சொற்களைத் தனித்தனி வரியில் இட்டு, சிற்றெழுத்தாக்கி, அகரவரிசைப்படுத்தி, ஒத்த வரிகளை எண்ணி, எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்கி, வேண்டிய அளவோடு நிறுத்துவதே அக்கட்டளைவரியின் போக்கு. விளக்கமும் நிரலும் பின்னிப்பிணைந்த எழுத்துமுறைக்கு ஒரு மாதிரியைத் தருமாறே நூத் கேட்கப்பட்டிருந்தார் என்பதால், இவ்வொப்பீடு அவருக்கு முழு நியாயம் செய்வதன்று. ஆயினும் குழாய்வழியை எக்கட்டத்திலும் அறுத்து இடைவிளைவைக் கண்ணால் காண முடிகிறது. சுருக்கத்தினும் இதுவே பெரிய நயம்.

எழுத்துவரி உடன்பாட்டின் குறைக்கு ஒரு சான்று: கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையின் விளைவை, உள்ளீட்டை இடைவெளிகளில் பிரித்து மற்றொரு கட்டளைக்குத் தரும் எக்ஸார்க்ஸ் வழியாக நீக்கும் கட்டளைக்கு அனுப்பினால், ‘கணக்கு 2023’ என இடைவெளியுடன் பெயரிட்ட ஒரு கோப்பு ‘கணக்கு’, ‘2023’ என இரண்டாகப் பிளவுபடுவதோடு, ‘கணக்கு’ என வேறொரு கோப்பு இருந்துவிட்டால் அதுவே அழிந்துபோகும். மீட்டெடுக்கக் குப்பைத்தொட்டியும் இல்லை. பெயர்களைச் சுழிமதிப்பு பைட்டால் பிரிக்கும் விருப்பத்தேர்வு இதற்கு மருந்தாயினும், அம்மருந்து வரி என்னும் உடன்பாட்டையே கைவிடுகிறது. பவர்ஷெல் என்னும் கட்டளைச்சூழல் 2006இல் வரிகளுக்கு மாற்றாகப் பண்புகளோடு கூடிய பொருள்களையே குழாயில் அனுப்பத் தொடங்கியது. கட்டளைகள் நீண்டுபோனது அதன் விலை.

மெக்கில்ராயின் கட்டளைவரிக்குத் தமிழ் நூலொன்றைத் தந்தால் குறை இன்னும் தெளிவாகும். அவ்வரி ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்தாகக் கொள்வதால், தமிழெழுத்து முழுவதும் வரிமுறிவாக மாறிச் சுருங்கி, பிழைச்செய்தி ஏதுமின்றி ஒற்றை வெற்றுவரியே மிஞ்சும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ‘தமிழ்’ என்னும் சொல் படிப்பவருக்கு 3 எழுத்து, யூனிகோடில் 5 குறியீடு, கோப்பில் 15 பைட்டு என்றிருக்க, எழுத்துகளை மாற்றும் டிஆர் கட்டளையின் குனு வடிவமோ நெடுங்காலமாகப் பைட்டுகளையே எழுத்தாகக் கருதி வந்துள்ளது. எழுத்துகளைப் பட்டியலிடாமல், ஒற்றைப் பைட்டாலான இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் மட்டும் வரிமுறிவாக்கினால் தமிழ்ச்சொற்கள் சிதையாமல் பிரியும். யுடிஎஃப்-8இல் அப்பைட்டுகள் தமிழெழுத்தின் உள்ளே வருவதேயில்லை. அவ்வாறு திருத்திய பின்னரும் ‘மரம்’, ‘மரத்தை’, ‘மரங்களில்’ ஆகியவை மூன்று வெவ்வேறு சொற்களாகவே எண்ணப்படும். வேற்றுமையுருபைக் களைந்து வேர்ச்சொல்லைக் காண்பதற்கு ஏழாவது கட்டளையாக ஓர் இலக்கணப் பகுப்பியையே சேர்க்க வேண்டியிருக்கும்.