ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன்: பாட்டாளிகளின் பாடகரும் முதலாளியும்

ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் (பிறப்பு: 1949) அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த ராக் இசைப் பாடகர், பாடலாசிரியர். மூடப்பட்ட ஆலைகளும், வேலை இழந்த ஆண்களும், பிறந்த ஊரை விட்டு எப்படியாவது வெளியேறிவிடத் துடிக்கும் இளைஞர்களும் அவர் பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' (1984) இசைத்தொகுப்பின் அட்டையில் நீல ஜீன்ஸும் வெள்ளை டி-ஷர்ட்டும் அணிந்து முதுகைக் காட்டி நிற்கும் உருவம் அமெரிக்க உழைப்பாளியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதே தொகுப்புதான் அவரைப் பெருஞ்செல்வராகவும் ஆக்கியது. உழைப்பவர்களைப் பாடிப் பணம் சேர்த்தவரின் செயல்கள் அவருடைய பாட்டோடு ஒத்துப்போகின்றனவா என்ற கேள்வி அப்போதிலிருந்து அவரை விடவில்லை.

அவர்மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, அவர் ஒருநாளும் ஆலையில் வேலை செய்ததில்லை என்பது. இது உண்மை. 2017, 2018-ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் நடத்திய தனிநபர் நிகழ்ச்சியில் அவரே இதை ஒப்புக்கொண்டு சிரிக்கவும் வைத்தார். ஆனால் இந்தக் குற்றச்சாட்டு வலுவற்றது. அவருடைய தந்தை கம்பள ஆலையில் வேலை செய்தவர், பேருந்து ஓட்டியவர், சிறைக்காவலராகவும் இருந்தவர். எந்த வேலையிலும் நிலைக்காதவர். வீட்டைத் தாங்கியது சட்ட அலுவலகத்தில் செயலராக இருந்த தாயின் சம்பளம். ஆலை ஒரு மனிதனை என்ன செய்து வீட்டுக்கு அனுப்பும் என்பதை அந்தச் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தவர் ஸ்பிரிங்ஸ்டீன். எழுதுவதற்கு அது போதும். கேட்க வேண்டியது வேறு: கையில் பணமும் அதிகாரமும் வந்தபின் அவர் என்ன செய்தார்?

செய்தவை குறைவல்ல. 1984 செப்டம்பரில் அதிபர் ரொனால்ட் ரீகன் நியூ ஜெர்சியில் நடந்த தேர்தல் கூட்டத்தில் ஸ்பிரிங்ஸ்டீனின் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தார். அடுத்த சில நாட்களில் பிட்ஸ்பர்க் மேடையில் அந்தப் புகழ்ச்சியைக் கேலி செய்த ஸ்பிரிங்ஸ்டீன், அங்கே எஃகாலைத் தொழிற்சங்கம் வேலையிழந்தோருக்காக நடத்திய உணவு வங்கிக்கு 10,000 டாலர் கொடுத்தார். மறு ஆண்டு இங்கிலாந்தில், வேலைநிறுத்தத்தில் நொடிந்துபோன நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு உதவினார். அவர் வளர்ந்த ஃப்ரீஹோல்டு நகரத்தில் காந்த நாடா தயாரித்துவந்த 3எம் ஆலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தபோது, நாட்டுப்புற இசைப் பாடகர் வில்லி நெல்சனுடன் சேர்ந்து அதை மூட வேண்டாம் என்று நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். 1986 ஜனவரியில் ஆஸ்பரி பார்க்கின் ஸ்டோன் போனி மதுக்கூடத்தில் அந்தத் தொழிலாளர்களுக்காகப் பாடினார். ஆலை மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் தனக்கு ஆதாயம் இல்லாத இடத்தில் ஒரு பெரு நிறுவனத்தை வெளிப்படையாக எதிர்த்து நின்றதை வெறும் வேடம் என்று ஒதுக்க முடியாது.

இவையெல்லாம் வேறு யாரோ முதலாளியாக இருந்த இடங்கள். அவரே முதலாளியாக இருந்த இடத்தில் கதை கொஞ்சம் மாறுகிறது. மேடைக் கருவிகளைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த இரண்டு முன்னாள் பணியாளர்கள் 1987-இல் அவர்மீது வழக்குத் தொடர்ந்தனர். கூடுதல் நேரம் உழைத்ததற்கு ஊதியம் தரவில்லை, சிறு தவறுகளுக்கு அபராதம் என்று சம்பளத்தில் பிடித்தார்கள் என்பவை அவர்களின் புகார்கள். நல்லபடியாகக் கைகுலுக்கிப் பிரிந்ததாகவே தான் நினைத்திருந்ததாக ஸ்பிரிங்ஸ்டீன் பின்னர் கூறினார். வழக்கு 1991-இல் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. ஆகவே யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எதுவும் இல்லை. ஆனால் கூடுதல் நேர ஊதியம், சம்பளப் பிடித்தம் ஆகியவை எந்தத் தொழிற்சங்கப் பேச்சுவார்த்தையிலும் முதலில் எழும் கோரிக்கைகள். அவற்றைத் தோழமையைக் காட்டித் தள்ளிவிட முடியாது என்பது பாட்டாளிகளைப் பாடியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2009-இல் தன் பாடல் தொகுப்பு ஒன்றை வால்மார்ட் கடைகளில் மட்டும் விற்க உடன்பட்டார். தொழிற்சங்கங்களுக்கு எதிரானது என்று பெயர் வாங்கிய நிறுவனம் அது. கண்டனம் எழுந்ததும் தவறு செய்துவிட்டோம் என்று பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்று இன்றைக்கு வேறு அர்த்தம் பெறுகிறது. டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் ரசிகர்களைக் கூடுதல் விலை கேட்கும் தன் மறுவிற்பனைத் தளத்துக்குத் திருப்பிவிட்டபோது, அவர் தரப்பு கோபமாக ஒரு கடிதம் வெளியிட்டது. 13 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலையில், அதே டிக்கெட்மாஸ்டர் அவருடைய சுற்றுப்பயணச் சீட்டுகளைத் தேவைக்கேற்ப விலை ஏறும் முறையில் விற்றது. சில இருக்கைகள் 5,000 டாலர் வரை போயின. 88.2 விழுக்காடு சீட்டுகள் 59.50 முதல் 399 டாலர் வரையிலான நிலையான விலையில் விற்றன என்றும், 1,000 டாலரைத் தாண்டியவை 1.3 விழுக்காடுதான் என்றும் நிறுவனம் விளக்கியது. பின்னர் ஒரு பேட்டியில் ஸ்பிரிங்ஸ்டீன், இடைத்தரகர்களுக்குப் போகும் பணம் மேடையில் வியர்வை சிந்துபவர்களுக்கு வந்தால் என்ன என்று கேட்டார். மற்ற எல்லோரும் செய்வதையே இம்முறை தாமும் செய்ததாகவும் சொன்னார்.

இந்த வாதத்தின் முதல் பாதியில் நியாயம் உண்டு. 2021-இல் தன் பாடல்களின் உரிமையை சோனி நிறுவனத்துக்கு 50 கோடி டாலர் அளவுக்கு விற்றதாகச் செய்திகள் வந்தபோதும் பெரிய தவறு எதுவும் இல்லை. அது தன் உழைப்புக்கு அவர் பெற்ற விலை, அதனால் யாருடைய பையும் காலியாகவில்லை. இரண்டாம் பாதிதான் உறுத்துகிறது. ஃப்ரீஹோல்டு ஆலையை மூடிய நிர்வாகமும், மற்ற நிறுவனங்கள் செய்வதையே நாங்களும் செய்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். அவருடைய பாடல்கள் அத்தகைய பதிலை ஏற்றுக்கொண்டதில்லை. தொலைவிலிருக்கும் தொழிலாளிக்குக் கைநிறையக் கொடுத்தவர், தன் கூலிக்காரருக்கும் தன் ரசிகருக்கும் முன்னால் சந்தைக் கணக்கைப் பேசியிருக்கிறார்.

1980 முதல் அவருக்காகவே வெளிவந்த 'பேக்ஸ்ட்ரீட்ஸ்' என்ற ரசிகர் இதழ், 2023 பிப்ரவரியில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. சீட்டு விலையால் ஏற்பட்ட மனமுறிவு அதற்கு முக்கியக் காரணம் என்று அதன் ஆசிரியர் எழுதினார். அந்தச் சுற்றுப்பயணத்திலும் ஸ்பிரிங்ஸ்டீன் வழக்கம்போல மேடையில் உள்ளூர் உணவு வங்கிகளின் பெயரைச் சொல்லி, அவற்றுக்குக் கொடுங்கள் என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார்.