செகோயா நிழலில்

கலிஃபோர்னியாவின் செகோயா தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பலர் ஜெனரல் ஷெர்மன் மரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கன அளவில் உலகிலேயே பெரிய ஒற்றைமரம் அது. உயரம் சுமார் 84 மீட்டர். ஆனால் ரசனை தொடங்குவது அதற்கப்பால், காங்கிரஸ் டிரெயில் என்ற சுற்றுப்பாதையில்தான். அங்கே கூட்டம் குறைந்துவிடும். பெயர்ப்பலகை இல்லாத மரங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது செகோயா மரத்தின் பட்டை. செம்பழுப்பு நிறம், தேங்காய் மட்டை போன்ற நார், சில இடங்களில் 60 சென்டிமீட்டர் வரை தடிமன். தீ அதை லேசில் துளைத்துவிடாது. அடிமரம் கரிந்து குகையாகியும் உச்சி பச்சையாக நிற்கும் மரங்களை வழியில் காணலாம். வேடிக்கை என்னவென்றால், தீ இல்லாவிட்டால் இந்த மரத்துக்கு வாரிசும் இல்லை. சூட்டில் உலர்ந்துதான் கூம்புகள் பெருமளவில் விதை உதிர்க்கின்றன. சருகு எரிந்து வெறுமையான மண்ணில்தான் கன்று பிழைக்கிறது. பல பத்தாண்டுகள் எல்லாத் தீயையும் அணைத்தது நல்லெண்ணம்தான், ஆனால் தப்பு. தேங்கிய சருகும் வறட்சியும் சேர்ந்து, 2020, 2021 காட்டுத்தீக்களில் ஆயிரக்கணக்கான பெருமரங்கள் மாண்டன. 2021இல் ஷெர்மனின் அடியையே அலுமினியத் தாளால் சுற்றவேண்டி வந்தது.

இவ்வளவு பெரிய மரத்துக்கு வேர் ஆழமில்லை, பக்கவாட்டில்தான் பரவுகிறது. மிதித்தால் மண் இறுகி வேர் நலியும். ஆகவே கட்டிப்பிடிக்க ஆசை வந்தாலும் வேலியைத் தாண்டாதீர்கள்.