ஐந்து நிமிஷம்

சிறுவர்களுக்கான ஜப்பானியச் சித்திரத் தொடர் ஒன்றைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு அபசாரமாகப் படும். வெகுஜன சாதனங்கள் விஷயத்தில் நமக்குப் பழக்கமான வழிகள் இரண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப்போவது ஒன்று. சமூகவியல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்வையாளனை ஆராய்வது மற்றொன்று. இரண்டிலுமே பார்க்கப்படும் பொருள் பார்க்கப்படாமல் தப்பிவிடுகிறது. ‘டிராகன் பால் இசட்’ தொடரை இப்போது ப்ளூ-ரே தகட்டில் மறுபடி பார்த்தபோது, அது நல்ல கலையா மட்டமான கலையா என்ற விசாரம் என்னிடம் அதிக நேரம் நிற்கவில்லை. அதைச் ‘சுத்தம்’ செய்தவர்கள் எதை அழுக்கு என்று கருதினார்கள் என்ற கேள்விதான் நின்றது. அது அந்தத் தொடரோடு முடிகிற கேள்வியாகவும் இல்லை.

விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அகிரா தொரியாமா ‘ஷோனென் ஜம்ப்’ வாரப் பத்திரிகையில் 1984 முதல் 1995 வரை வரைந்த சித்திரக் கதைதான் மூலம். ஷோனென் என்றால் பையன். கதையின் பிற்பகுதியைத் தோயெய் நிறுவனம் 1989 ஏப்ரலிலிருந்து 1996 ஜனவரி வரை, வாரம் ஒன்று என்ற கணக்கில், 291 பகுதிகளாக எடுத்தது. 2000-களின் ஆரம்பத்தில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் இங்கே வந்தது. செஞ்சி மாதிரி ஊர்களில் கேபிள்காரர் தயவிலும் மின்வாரியத்தின் தயவிலும் என் வயதுக்காரர்கள் பலர் பார்த்தார்கள்; முழுக்கப் பார்த்தவர் யாருமில்லை. தொரியாமா 2024 மார்ச் 1-ஆம் தேதி இறந்துபோனார்.

ப்ளூ-ரே தகடுகளுக்காக உலகத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஜப்பானும் அமெரிக்காவும் ஒரே மண்டலம். இந்தியா, சீனாவோடும் ரஷ்யாவோடும் வேறொன்றில். எனவே ஜப்பானியப் படைப்பு ஒன்றின் அமெரிக்கத் தகட்டைச் செஞ்சியில் பார்க்க, அமெரிக்காவில் வாங்கிய கருவியும் கூடவே வர வேண்டியிருக்கிறது. (இரண்டையும் சுமந்து வந்த நண்பருக்கு இந்தக் கட்டுரை பிடிக்கப்போவதில்லை.) தகட்டில் ஜப்பானியக் குரல்களும் ஷுன்ஸுகே கிகுச்சியின் அசல் இசையும் இருக்கின்றன என்பது பெரிய ஆறுதல்.

காதுக்குக் கிடைத்த இந்த நியாயம் கண்ணுக்குக் கிடைக்கவில்லை. தொடர் எடுக்கப்பட்டது பழைய தொலைக்காட்சியின் 4:3 சட்டகத்தில். அமெரிக்காவில் ஃபனிமேஷன் நிறுவனம் 2013-ன் இறுதியிலிருந்து வெளியிட்ட ப்ளூ-ரே தொகுதிகளில் அது இன்றைய அகலத் திரைக்கேற்ப 16:9 ஆகியிருக்கிறது. எப்படி ஆகும்? மேலேயும் கீழேயும் வெட்டித்தான் ஆகும். கணக்குப் போட்டால் படத்தில் நாலில் ஒரு பங்கு காணோம். எந்தப் படத்துக்கும் இது கேடுதான். இந்தப் படத்துக்கு விசேஷக் கேடு. ஏனென்றால் இதன் பிரதான வெளி ஆகாயம். பாத்திரங்கள் நடப்பதைவிடப் பறப்பது அதிகம். கீழே சின்னதாக மலைமுகடு, மேலே நிறைய வெறுமை, நடுவில் புள்ளியாக ஒருவன்: தொடரின் இயக்குநர் டைஸுகே நிஷியோவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் கைவந்த அமைப்பு இது. நெட்டுவாக்கில் யோசிக்கப்பட்ட பிம்பம். அதை அகலவாக்கில் நறுக்கினால் பறக்கிறவன் தாழ்வாரத்தில் நிற்கிறவனைப் போல் தெரிகிறான். நாயகன் கோகு உருமாறும் கட்டத்தில் அவன் தலைமுடி பொன்னிறமாகி மேல்நோக்கி எழுகிறது. தொடர் முழுவதற்கும் இலச்சினை அதுதான். அண்மைக் காட்சிகளில் அந்த முடியின் நுனிகள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன. திரை நிறைந்திருக்கிறது என்று வாங்குகிறவன் சந்தோஷப்படுகிறான்.

இரண்டாவது சுத்தம் கிரெயின் சம்பந்தப்பட்டது. தொடர் 16 மி.மீ. பிலிமில் பதிவானது. அந்த பிலிமின் துகள்கள், உயர் துல்லியத் திரையில், சதா ஊர்ந்துகொண்டிருக்கும். கணினியை விட்டு அதைத் துடைத்திருக்கிறார்கள். துகளோடு சேர்ந்து கோட்டின் உயிரும் போயிற்று. முகங்கள் மெழுகுபோல் வழவழக்கின்றன. 1930-களில் வால்டர் பெஞ்சமின், இயந்திரப் பிரதிகள் பெருகும்போது மூலத்தின் ஒளிவட்டம் மங்குவதைப் பற்றி எழுதினார். இங்கே மூலம் எது? பென்சில் வரைபடம் அரைகுறை. வண்ணம் தீட்டிய செல்லுலாய்டு, பின்னணி இல்லாமல் அரைகுறை. பிலிமில் ஏறிய அன்றுதான் இந்த உருவம் முதன்முதலாக முழுமையாக இருந்தது. ஆக, படத்தின் மேல் துகள் படிந்திருக்கவில்லை. துகளால் ஆனதுதான் படம்.

இதில் ஒரு விசேஷம், உயர் துல்லியம் என்பது உண்மையில் இந்தத் தொடருக்கு நன்மையே செய்திருக்கக் கூடியது. வாரா வாரம் ஒரு பகுதி என்றால் ஒரே கை எல்லாவற்றையும் வரைய முடியாது. சித்திர மேற்பார்வையாளர்கள் முறைவைத்து மாறுவார்கள், முகங்களும் மாறும். மினோரு மாயெதாவின் கோகுவில் சிறுபிள்ளையின் உருண்டை கொஞ்சம் மிச்சமிருக்கும். தடயோஷி யமமுரோவின் கையில் அவன் கோணங்களாகிவிடுவான். சிறுவயதில் இதை ஒரு குறையாகக்கூட நான் கவனித்ததில்லை. ஒரே ஆள் ஒருநாள் சோர்ந்தும் ஒருநாள் முறுக்கேறியும் இருப்பதாக நினைத்தேன். அது அப்படியொன்றும் மோசமான வாசிப்பல்ல என்று இப்போதும் படுகிறது. நல்ல பிரதி இந்தக் கைகளைப் பிரித்துக் காட்டியிருக்கும். 2011-ல் அதே நிறுவனம் 4:3 சட்டகத்தைக் காப்பாற்றி, பிரேம் பிரேமாகச் சீர்செய்த பிரதி ஒன்றை ஆரம்பித்தது. இரண்டு தொகுதிகளோடு நின்றுபோயிற்று; உழைப்புக்கும் செலவுக்கும் கட்டவில்லை. துடைப்பது மலிவு.

மூன்றாவது சுத்தம்தான் நமக்கு நெருக்கமானது. நாமெக் என்ற கிரகத்தில் கோகுவுக்கும் ஃப்ரீஸா என்ற கொடுங்கோலனுக்கும் சண்டை. ஃப்ரீஸா கிரகத்தின் மையத்தைத் தாக்கிவிட்டு, அது வெடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கிறது என்று அறிவிக்கிறான். அந்த ஐந்து நிமிஷம் ஏறக்குறைய பத்துப் பகுதிகளுக்கு ஓடுகிறது. ஒளிபரப்பில் பத்து வாரம். உலகம் பூராவும் இது கேலிக்குரிய விஷயமாகிவிட்டது. காரணமும் தெரிந்ததுதான். தொரியாமா வாரத்துக்குப் பதினைந்து பக்கம் போல வரைகிறார். அதைத் துரத்திக்கொண்டு இருபது நிமிஷப் படம் வருகிறது. துரத்துகிறவன் முந்திவிடக் கூடாது. ஆகவே முறைத்துப் பார்த்தல், உறுமுதல், பாறை உதிர்தல், மேகம் சுழலுதல். 2009-ல் தோயெய் நிறுவனமே இருபதாம் ஆண்டை ஒட்டி ‘டிராகன் பால் கை’ என்று ஒரு மறுதொகுப்பு செய்தது. மூலக் கதையில் இல்லாததையெல்லாம் நீக்கினார்கள். முதல் 194 பகுதிகள் 97 ஆகச் சுருங்கிவிட்டன. சரிபாதி.

பார்த்தேன். விறுவிறுப்பாக இருக்கிறது. ஒன்றும் மனதில் தங்கவில்லை.

இதை நினைவேக்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நம் விமர்சனப் பழக்கம் ஒன்றை இங்கே தொட்டாக வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு எதிராக எழுந்தவை நம் சிறுபத்திரிகைகள். வளர்த்தல் பாவம், சிக்கனம் புண்ணியம் என்பது கிட்டத்தட்ட நம் மதம். மௌனி இரண்டு டஜன் கதைகளே எழுதினார் என்பதை, அந்தக் கதைகளைப் படிக்காதவர்கூட ஒரு குணமாகச் சொல்வார். அன்று அந்த நிலைப்பாடு அவசியமாக இருந்தது. ஆனால் ஒரு சண்டைக்காகப் பிடித்த ஆயுதத்தை அளவுகோலாகவே வைத்துக்கொண்டுவிட்டோமோ என்று சந்தேகமாக இருக்கிறது. ‘கை’ செய்த வேலை, நாம் ஒரு கதையைக் கையிலெடுத்தவுடன் அனிச்சையாகச் செய்கிற வேலைதான்.

செஞ்சிக்கு அருகே மேலச்சேரியில் இருக்கிற திரௌபதி அம்மன் கோயிலை இந்தப் பக்கத்து ஜனங்கள் ஆதி கோயில் என்பார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதி 1988-ல் வெளிவந்த புத்தகத்தின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பாரதத் திருவிழா என்றால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. துரியோதனன் வேஷம் திரைக்குப் பின்னால் நிற்கிறது. கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். திரை விருத்தம் பாடி, கட்டியங்காரன் கேள்வி கேட்டு, இவன் பதில் சொல்லி, தன் பேரையும் குலத்தையும் பராக்கிரமத்தையும் தானே சொல்லிச் சுற்றிச் சுற்றி ஆடி முடிப்பதற்குள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடலாம். கதை ஓர் அங்குலம் நகர்ந்திருக்காது. துரியோதனன் சாகப்போகிறான் என்பது மடியில் கிடக்கும் குழந்தைக்கும் தெரியும். ‘என்ன ஆகும்’ என்பதற்காக அங்கே ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஜப்பானியத் தொடரிலும் அதே நிலைமை. பகுதிகளின் தலைப்புகளே பல சமயம் நடக்கப்போவதை உடைத்துவிடுகின்றன. வருகிறவன் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்கிறான். ஓரமாக நிற்கிற க்ரில்லின் கட்டியங்காரனைப் போல் வியக்கவும் பயப்படவும் செய்கிறான். (ஆண் வேஷத்துக்குப் பெண் குரல் என்பதும் இருக்கிறது: 1936-ல் பிறந்த மஸாகோ நோஸாவா கோகுவுக்கும் அவன் மகன்களுக்கும் குரல் கொடுத்தவர். பெண் வேஷம் கட்டும் ஆண்களைப் பார்த்துப் பழகிய ஊரில் இது ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது.) முதல் பெரிய சண்டையில் எதிரிகளே மூன்று மணி நேரம் அவகாசம் கொடுத்துவிட்டு, கோகு வந்து சேர்வதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அவனோ பாம்புப் பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறான். துகிலுரிதல் ராத்திரியில் கிருஷ்ணனைக் கூப்பிடும் குரல் நீள்வதைக் கேட்டவர்களுக்கு இந்தக் காத்திருப்பின் ருசி தெரியும். உதவி வரும் என்று தெரிந்தும் தாங்க முடியாமல் இருப்பது ஒரு தனி அனுபவம். அதற்கு நேரம் பிடிக்கும். 1714-ல் ஒரே நாளில் முடிந்த சண்டை தேசிங்கினுடையது; இருபதைச் சற்றே தாண்டிய பையன். அம்மானைக்காரன் அதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவானா?

அங்கே இருந்தது கலை, இங்கே இருந்தது வியாபார நிர்ப்பந்தம் என்று ஆட்சேபிக்கலாம். கூத்தும் விடியும்வரை ஆடுவதற்குத்தான் பேசி முன்பணம் கொடுக்கப்படுகிறது. நிர்ப்பந்தத்திலிருந்து உருவம் பிறப்பதில் அவமானம் ஒன்றுமில்லை; நிர்ப்பந்தத்தை என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். எல்லா நீட்சியையும் நான் ஆதரிக்கவில்லை. நாமெக் முடிந்த கையோடு வரும் கார்லிக் ஜூனியர் படலம், பத்துப் பகுதிகள், வெறும் பஞ்சு. அதில் காலம் நீளவில்லை, கழிகிறது. ஐந்து நிமிஷத்தில் நடப்பது வேறு. ஒரு கிரகம் செத்துக்கொண்டிருக்க, ஓடித் தப்பக்கூடிய இருவர், ஒருவரையொருவர் விட்டுப்போக மனமில்லாமல் நிற்கிறார்கள். கடிகாரப்படி அந்தக் காட்சியை எடுத்திருந்தால் வெடி மட்டுமே மிஞ்சியிருக்கும். இன்னொன்று: தகடு வந்தபின் அந்தப் பத்து வாரத்தை ஒரு ராத்திரியில் பார்த்துவிடலாம்; அலுத்தால் பொத்தானை அழுத்தித் தாவலாம். ஆக ‘கை’ இல்லாவிட்டாலும் நம் விரல் அந்த வேலையைச் செய்யக் காத்திருக்கிறது.

‘கை’ தொகுத்தவர்களின் தவறு சுருக்கியது அல்ல. மூலத்தில் உண்டா இல்லையா என்ற ஒரே சோதனையை வைத்துக்கொண்டதுதான். வியாசரில் இல்லாததை நீக்குவது என்று ஆரம்பித்தால், கோட்டையைக் காக்கும் போத்துராஜா போவான்; திரௌபதி இந்தச் சீமைக்கு வந்த கதையே போகும். பாரதத்திலிருந்து முதலில் நீக்கப்படும் ஊர் செஞ்சியாகத்தான் இருக்கும்.

அந்தச் சோதனையில் ‘கை’ இழந்தது 125-ஆவது பகுதி. மூன்று வருஷத்தில் இயந்திர மனிதர்கள் வந்து உலகத்தை அழிக்கப்போகிறார்கள் என்று எச்சரிக்கை வந்துவிட்டது. எல்லோரும் பயிற்சியில் இருக்கிறார்கள். இந்த நேரத்தில் கோகுவின் மனைவி சிச்சி, குடும்பஸ்தனுக்குக் கார் ஓட்டத் தெரிய வேண்டாமா என்று அவனை டிரைவிங் ஸ்கூலுக்கு விரட்டுகிறாள். பச்சைத் தோல்காரனான பிக்கோலோவும் கூடப் போகிறான். பனியனும் தொப்பியும் போட்டு, இந்த அவமானம் முகத்தில் தெரியாமல், ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். மலைகளைப் பெயர்க்கக்கூடிய இருவர் கிளட்சோடும் வளைவோடும் போராடுகிறார்கள். தொரியாமா இதை வரையவில்லை. தொரியாமாவின் மனிதர்களை இதைவிட நன்றாக யாரும் காட்டியதுமில்லை. நடுவில் ஒரு பஸ் பள்ளத்தில் விழப்பார்க்கிறது, காப்பாற்றுகிறார்கள். கடைசியில் இருவருக்கும் லைசென்ஸ் கிடைப்பதில்லை.