ஜென் புத்தகமும் ஏர் ஃபில்டர் டப்பாவும்

ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974ல் வந்தது. 121 பதிப்பாளர்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய கதை பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அதைத் தத்துவமாகப் படித்து எழுதியவர்கள் ஏராளம். நான் கேட்பது சின்னக் கேள்வி: ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் கழற்றித் துடைச்சுட்டு, திரும்ப மாட்ட உட்காருகிற ஆளுக்கு இந்தப் புத்தகம் உதவுமா? ஊர் கடலூர். சிதம்பரம் ரோட்டில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் போகிறவர்களின் நூறு சிசி வண்டிகளை மனசில் வைத்துக் கேட்கிறேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வருவதற்கு முன் வாங்கிய கார்புரேட்டர் வண்டிகள் இன்னும் நிறைய ஓடுதுங்க.

ஒரு இடத்தில் புத்தகம் முழு மதிப்பெண் வாங்குகிறது. வேலை செய்கிறவனின் ஊக்கத்தை உறிஞ்சும் பொறிகள் என்று பிர்சிக் ஒரு பட்டியலே போடுகிறார். அதில் ஒன்று, வரிசை தப்பி மாட்டுவது. எல்லாம் முடிந்து நிமிர்ந்தால் ஒரு பார்ட் தரையில் மிச்சம் கிடக்கும். அதற்கு அவர் சொல்லும் வைத்தியம் ரெண்டு. கழற்றும் வரிசையை நோட்டில் எழுதணும். தரையில் செய்தித்தாள் விரித்து, பக்கத்தைப் படிக்கிற மாதிரியே இடமிருந்து வலம், மேலிருந்து கீழாகப் பாகங்களை அடுக்கணும். இன்டேக் பக்கத்துக்கு இது அப்படியே பொருந்தும். கிளாம்ப் திருகின் தலை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைக் கவனிக்காமல் விட்டால், மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவர் ஃபிரேமில் இடிக்கும். பிரீதர் ஓஸ் ஒன்று காற்றில் தொங்கும். இன்னிக்கு நோட்டு வேண்டாம், செல்போனில் நாலு போட்டோ போதும்.

அதற்கு அடுத்த பகுதியில்தான் எனக்குச் சிக்கல். மெக்கானிக்கின் கைக்கு இருக்க வேண்டிய உணர்வு பற்றி அழகாக எழுதுகிறார்: விரலால் முடுக்குவது வேறு, பொருந்த முடுக்குவது வேறு, இறுக்குவது வேறு. ஆனால் அவர் மனசு உலோகத்தில் இருக்கிறது. ரப்பர் அங்கே எஃகின் மீள்தன்மைக்கு ஒப்புமையாக வந்துவிட்டுப் போய்விடுகிறது. நம்ம வேலையோ முக்கால்வாசி ரப்பர்தான். ஃபில்டர் பாக்ஸுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய். கார்புரேட்டருக்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவில் மேனிஃபோல்டு, அதில் ஒரு ஓ-ரிங். பத்து வருஷ வெயிலில் அந்தக் குழாய் விறைத்துப் போயிருக்கும். உள்ளே தள்ளும்போது உதடு மடங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் கச்சிதமாக உட்கார்ந்த மாதிரியே தெரியும். கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் மடிப்பு நேராகாது. இங்கே "கை உணர்வு" பொய் சொல்லும். வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு இளக்கி, மாட்டியதும் விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்ப்பதுதான் வழி.

எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்பதும் முக்கியம். கார்புரேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் ஓ-ரிங் நசுங்கியிருந்தால் அளக்கப்படாத காற்று உள்ளே போகும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று என்பது கணக்கு. அது குலைந்தால் ஐடிலிங் நிற்காது, ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் இறங்காது, இன்ஜின் கொதிக்கும். வண்டியே காட்டிக் கொடுத்துவிடும். ஃபில்டர் பக்கம் ஒழுகினால் அப்படி ஒன்றும் பெரிசாகத் தெரியாது. வண்டி நல்லாவே ஓடும், வடிகட்டாத புழுதியைக் குடித்துக்கொண்டு. பிஸ்டன் ரிங்கும் போரும் மெல்லத் தேயும். ரெண்டாவது வருஷம் புகை வரும்போது யாருக்கும் அந்த மடிந்த உதடு ஞாபகத்துக்கு வராது.

இதை வைத்துப் பார்த்தால் பிர்சிக்கின் மையமான குற்றச்சாட்டே ஆட்டம் காண்கிறது. அவர் வண்டி ஜாம் ஆகி ஒரு கடையில் விடுகிறார். ரேடியோ அலறுகிறது, பசங்க சிரித்துப் பேசிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள், உளியும் சுத்தியலும் போட்டு கூலிங் ஃபின்னை உடைக்கிறார்கள். கடைசியில் கோளாறு, எண்ணெய் போகும் பாதையில் அறுந்துபோன 25 சென்ட் பின். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிக்கிறார். ஆனா அந்தப் பசங்களுக்கு மணிக்கு என்ன கூலி, வாசலில் எத்தனை வண்டி நின்றது, கேட்டாரா? கேட்கவில்லை. கடலூரில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி சாயங்காலம் வண்டியை விட்டால், காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அது வேணும். வேலைக்குப் போகலைன்னா அன்றைய கூலி போச்சு. அந்த அவசரத்தில் மெக்கானிக் ஐடிலிங் ஸ்க்ரூவை ஒரு திருகு திருகி அனுப்புவது மனோபாவம் மட்டுமா? நேரத்தின் விலையும் அதில் இருக்கு. லீவு எடுத்து மகனோடு மினசோட்டாவிலிருந்து கலிஃபோர்னியா வரை போகிறவருக்கு அது உறைக்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

பொறுமை, அக்கறை எல்லாம் சரி. காற்று ஒழுக்குக்கு வேண்டியது சோதனை. இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, மேனிஃபோல்டு இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளிங்க. சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. ரெண்டு நிமிஷ வேலை, அவசரத்திலும் செய்யலாம். நியாயமாகச் சொன்னால் இதற்கான விதையும் பிர்சிக்கிடம் இருக்கு. மலையேறும்போது ஸ்பார்க் பிளக் கருத்திருப்பதைப் பார்த்து, உயரத்தில் காற்று மெலிந்ததால் பெட்ரோல் கூடிவிட்டது, ஜெட் மாற்றணும் என்று அவர் நிதானிக்கும் பகுதி பாடப்புத்தகத்தில் வைக்கத் தக்கது. பிரசங்கம் பண்ணாத பக்கங்களில் அவர் அருமையான ஆசிரியர்.

நம்ம ஊர் கடல்மட்டம், காற்று கனமானது. ஆனா அது வேறு காற்று. சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004லேயே துர்நாற்றத்தை நாள், நேரம் போட்டு எழுதிவைத்து, வாளியில் காற்று மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியவர்கள். பிர்சிக்கின் நோட்டை அவரைப் படிக்காமலேயே பயன்படுத்தியவங்க என்று தோணுது. அதே காற்றைத்தான் இந்த ஃபில்டர்களும் இழுக்கின்றன.

2015 டிசம்பர் வெள்ளம் மாதிரி ஒன்றில் நின்ற வண்டி என்றால் கதை வேறு. ஃபில்டர் டப்பாவின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்து, பிளக்கைக் கழற்றிய பிறகுதான் கிக்கரை மிதிக்கணும். பஞ்சர் கடை ஏர் பிடித்து ஃபில்டரை ஊதும் பழக்கமும் பார்த்துச் செய்ய வேண்டியது. சாதா பேப்பர் என்றால் உள்பக்கத்திலிருந்து மெதுவாக ஊதலாம். எண்ணெய் ஊறிய பேப்பர் ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேணும். ஓ-ரிங் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. சைஸ் வாயால் சொன்னால் கடையில் வேறு ஒன்றைத் தருவாங்க.