ஒரே ஒரு மீன் போதுமா?

கெங்குவார்பட்டிக்காரர்களுக்கு மீன் என்றால் மஞ்சளாறு அணை மீன்தான். கடல் வெகுதூரம். இவ்வூரில் இருந்துகொண்டு, அதுவும் இயற்பியல் கற்பிக்கும் ஒருவன், ஆழ்கடல் மீனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்புரை எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். அளவீடு எங்கே உண்டோ, அங்கே கேள்வி கேட்கும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு.

மோலர், ஜோன்ஸ் என்ற இருவர் எழுதிய அக்கட்டுரை 2007இல் வெளிவந்தது. பசிபிக் பெருங்கடலில் 2,211 மீட்டர் ஆழத்தில், கடலடி வெந்நீர் ஊற்று ஒன்றின் அருகே, 2005இல் ஆல்வின் என்னும் ஆய்வுக் கலம் பிடித்த ஹேக் மீனை அது வருணிக்கிறது. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்; அங்கே அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ளதைப் போல் சுமார் 220 மடங்கு! வெந்நீர் ஊற்றில் பிடிபட்ட முதல் ஹேக் மீன் இதுவே. கலத்தை ஓட்டிச் சென்று இதைப் பிடித்த புரூஸ் ஸ்ட்ரிக்ராட்டின் பெயரால் 'எப்டாட்ரீட்டஸ் ஸ்ட்ரிக்ராட்டி' என அழைத்திருப்பது பாராட்டத்தக்கது.

ஹேக் மீனுக்குத் தாடை இல்லை, செதிலும் இல்லை. சீண்டினால் உடலின் இருபுறத் துளைகளிலிருந்தும் கோழையைக் கக்கும். 1758இல் லின்னேயஸ் இதைப் புழுக்களோடு சேர்த்துவிட்டார். இத்தகைய பிராணியைப் பற்றி எழுதும்போது 'அருவருப்பான', 'விசித்திரமான' என்ற அடைமொழிகள் தாமாகவே வந்து விழும். இக்கட்டுரையோ செவுள் பைகளையும் பற்களையும் கோழைத் துளைகளையும் எண்ணிச் சொல்கிறது. விசித்திரத்தைச் சரிபார்க்க இயலாது. செவுள் பைகள் 12 இணை என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம்.

இனி குறைக்கு வருவோம். மாதிரி ஒன்றே ஒன்று! ஊசலின் அலைவு நேரத்தை ஒரே முறை அளந்துவரும் மாணவனின் ரெக்கார்டு நோட்டில் நான் கையெழுத்திடுவதில்லை. ஒரே மீனை அளந்து புதிய இனம் என்றால் ஏற்கலாமா?

ஏற்கலாம், ஓர் எல்லை வரை. 'புதிது' என்பது சராசரி அன்று, அது ஒப்பீடு. செவுள் பைகளை மட்டும் நம்பினால் வாதம் நிற்காது; வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் ஹேக் மீனிலும் பெரும்பாலும் 12 இணைதான். ஆனால் பல்லமைப்பு, மிக மெலிந்த உடல் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்த எந்த இனத்தோடும் இது பொருந்தவில்லை. மரபணு ஒப்பீடும் இதைத் தனியே நிறுத்தியது. ஆகவே 'புதிது' என்று சொல்ல ஒரு மீன் போதும்.

'இந்த இனம் இப்படிப்பட்டது' என்று சொல்லத்தான் போதாது. எண்ணிக்கைகள் மீனுக்கு மீன் எவ்வளவு மாறும்? குஞ்சு எப்படியிருக்கும்? ஊற்றருகே குடியிருக்கிறதா, இரை தேடி வந்ததா? ஒற்றை மாதிரி இவற்றுக்கு விடை தராது. 2023இல் கடலூர்க் கடலிலிருந்து அறிவிக்கப்பட்ட 'ஜிம்னோதொராக்ஸ் தமிழ்நாடுயென்சிஸ்' என்னும் அஞ்சாலை விலாங்குக்கு நான்கு மாதிரிகள் கிடைத்தன. நீளம் 272 முதல் 487 மில்லிமீட்டர் வரை. நான்கும் குறைவுதான், ஆயினும் அளவுகள் எந்த எல்லைக்குள் மாறுகின்றன என்பது சற்றே தெரிகிறது.

ஆழ்கடலில் இன்னொரு மீன் கிடைக்காததற்கு ஆசிரியர்களைக் குறை கூற முடியாது. ஆனால் 'புதிய உயிரினம் கண்டுபிடிப்பு' என்ற செய்தியை அடுத்த முறை படிக்கும்போது நீங்கள் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை மாதிரிகள்? எவற்றோடு ஒப்பிட்டார்கள்?