மொழியியல் மாணவருக்கு ஓர் ஒலிநூல்

இளங்கலையில் மொழியியல் பயில்வோர் பலருக்கு ஒலியலை என்றாலே அச்சம். அவர்களை எண்ணி பீட்டர் லடஃபோகட் 1962-இல் எழுதிய ஆங்கில நூல் ‘எலிமென்ட்ஸ் ஆஃப் அகூஸ்டிக் ஃபொனெடிக்ஸ்’. கணிதச் சுமையின்றி அலைவெண், வீச்சு, ஒத்ததிர்வு ஆகியவற்றை அது விளக்கும் முறை பாராட்டத்தக்கது. 1996-ஆம் ஆண்டுப் பதிப்பில் கணினிப் பகுப்பாய்வும் சேர்ந்தது.

தொண்டையையும் வாயையும் ஒருமுனை மூடிய 17 செ.மீ. குழாயாகக் கொள்ளுங்கள், ஒத்ததிர்வுகள் ஏறத்தாழ 500, 1500, 2500 ஹெர்ட்சில் அமையும். நம் இயற்பியல் மாணவர் செய்யும் ஒத்ததிர்வுக் குழாய்ச் சோதனையேதான்! நாவும் இதழும் அசைய இவ்வெண்கள் மாறுகின்றன. ‘ஆ’, ‘ஈ’ என வெவ்வேறு உயிர்கள் பிறக்கின்றன.

குறையும் உண்டு. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஆங்கில ஒலிகளே. ‘கல்’, ‘கால்’ இரண்டின் கால அளவை நம் மாணவர் தாமே அளந்தறிய வேண்டும். மொழியியலைக் கலைப்பாடமென ஒதுக்கி, ஆய்வக நேரம் தராத கல்லூரியில் அதை எங்கே அளப்பது?